ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் சீலிங்கின் சூடு எவ்வளவு?

கோடையில் வீடுகளின் சூட்டைப் பார்த்துச் சொல்லப் போகும்போது என் பையில் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி இருக்கும். துப்பாக்கிபோல நீட்டி அழுத்தினால், எதிரே உள்ள பரப்பின் சூட்டைத் தொடாமலேயே காட்டிவிடும். போன மே மாதம் சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் ஓர் அம்மா கூப்பிட்டிருந்தார்.

“ராத்திரியில ஃபேன் போட்டாலும் அனல்தான் அடிக்குது தம்பி. எத்தனை டன் ஏ.சி. போடலாம்?”

மணி ஒன்பது. வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்து, சீலிங்கை நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். 40 டிகிரி. “வெயில் போய் மூணு மணி நேரம் ஆச்சே!” என்றார்.

வெயில் போய்விட்டது, ஆனால் காங்கிரீட் அதை விடவில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். நம் தோலின் சூடு சுமார் 33, 34 டிகிரி. அதைவிடச் சூடான கூரைக்குக் கீழே படுத்தால் அது நம்மைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும்; ஃபேனால் அதைத் தடுக்க முடியாது. செய்தியில் சொல்வதோ நிழலில் அளந்த காற்றின் சூடு. நாம் படுத்திருக்கும் அறையின் சூடு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் நினைத்தால் எனக்கு இதுதான் பெரிய கவலை.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரை இவ்வளவு சீக்கிரம் சூட்டைக் கீழே இறக்காது; மர உத்தரங்களின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்தார்கள். இன்று பல கட்டடங்களில் மழை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று தளத்தை முடித்துவிடுகிறார்கள்.

சரி, கட்டி முடித்த வீட்டுக்கு என்ன வழி? மாடியில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அதன்மேல் ஒரு கையும் பக்கத்துத் தரையில் ஒரு கையும் வையுங்கள். பொறுக்க முடியாத பக்கம் எது என்று உடனே தெரியும். 2010 வெப்ப அலையில் பலரை இழந்த அகமதாபாத், பிற்பாடு ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடித்தது இதற்காகத்தான்.

அந்த அம்மாவும் முதலில் மாடிக்கு வெள்ளையடித்தார். ஏ.சி.யை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால், பங்குனியிலேயே ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.