மூச்சுக்கும் வலிக்கும் முதல் மாதத்திலேயே வைத்தியம்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய், அதுவும் மற்ற இடங்களுக்குப் பரவிவிட்ட நான்காம் நிலை என்று தெரியவந்தால், வீட்டார் முதலில் கேட்பது கீமோவைப் பற்றித்தான். நோயாளியின் கேள்வி வேறு. "படி ஏறினா மூச்சு வாங்குதே, இதுக்கு என்ன பண்றது?" அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளும் மருத்துவமே நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர். கடைசி நாட்களுக்கான வைத்தியம் என்று இதை நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நினைப்பால் நோயாளி தேவையில்லாமல் பல மாதங்கள் அவதிப்படுகிறார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. நோய் பரவிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். மறு பிரிவுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே, மாதம் ஒருமுறையாவது, ஆதரவு சிகிச்சைக் குழுவின் கவனிப்பு. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வு முதல் பிரிவில் 38 சதவீதம் பேருக்கு இருந்தது, இரண்டாவதில் 16 சதவீதம்தான். வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், முதல் பிரிவில் 8.9 மாதம், இரண்டாவதில் 11.6 மாதம். இத்தனைக்கும், இறுதிக்கட்டத்தில் உடலை வருத்தும் சிகிச்சைகளைப் பெற்றவர்கள் இந்த இரண்டாம் பிரிவில்தான் குறைவு.

மூச்சிலிருந்து தொடங்கலாம். மூச்சுத்திணறல் என்பது ஆக்சிஜன் குறைவதால் மட்டும் வருவதில்லை. மார்புத் தசை எவ்வளவு உழைக்கிறது, அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்று மூளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கு ஒத்துவராதபோது திணறுகிறது. பயம் சேர்ந்தால் மூச்சு மேலோட்டமாகி இன்னும் வேகமெடுக்கும். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம் என்று காட்டும்போதும் ஒருவர் தவிப்பது இதனால்தான். அந்த நிலையில் வாடகைக்கு எடுக்கும் ஆக்சிஜன் சிலிண்டரால் பெரிய பலன் இல்லை. அளவு 90-க்குக் கீழே இறங்குபவர்களுக்குத்தான் அது உதவும்.

உதவுவது காற்று முகத்தில் படுவது. மூக்கையும் கன்னத்தையும் சுற்றியுள்ள நரம்பு குளிர்ச்சியை உணர்ந்தால், மூச்சு முட்டும் உணர்வை மூளை குறைத்துக்கொள்கிறது. சின்ன ஃபேனை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஐந்து நிமிடம் கன்னத்தில் காற்று படவிடுங்கள். கரண்ட் போனால் பனையோலை விசிறி போதும். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டாம். உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தலையணைமேல் ஊன்றட்டும். படியேறும்போது நின்று மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட்டபடியே இரண்டு படி ஏறி, மறுபடி நிற்க வேண்டும். அடுத்த மாடித் திருப்பத்தில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுவைக்கலாம். குளியலும் ஸ்டூலில் உட்கார்ந்தே.

ஓரிரு வாரத்தில் திணறல் திடீரென்று கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி வழியாக நீரை எடுத்தாலே பலருக்கு அன்றைக்கே மூச்சு இலகுவாகும். ஒரே நேரத்தில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும் ஆபத்து உண்டு. "பாதியிலேயே நிறுத்திட்டாங்க" என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

அடுத்தது மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து. பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். வலிக்கு மருத்துவர் பொதுவாகத் தொடங்குவது 5 மில்லிகிராம், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அதன் வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கடிகாரம் பார்த்துத் தர வேண்டும். இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு, விடியும்வரை தூங்குவதற்காக. வலி வந்தபிறகு தரலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும். மேலே சொன்ன கணக்கில் ஒரு நாளுக்கு 30 மில்லிகிராம். இடையில் வலி பீறிட்டால், அதில் ஆறில் ஒரு பங்கு, 5 மில்லிகிராம், கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். மூச்சுத்திணறலுக்கு இன்னும் சிறிய அளவே போதும்.

மார்ஃபினால் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. குடல் சுவரிலும் மார்ஃபின் ஒட்டும் இடங்கள் இருப்பதால் குடல் மந்தமாகிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி மாத்திரை வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் கொடுத்தால் அது உள்ளேயே கட்டிக்கொள்ளும். கை கால் வெட்டி இழுத்தாலோ எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ, அடுத்த வேளை மாத்திரையைத் தராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்து மருந்து உடம்பில் தேங்கியிருக்கலாம்.

இதெல்லாம் சரியாக நடக்க நோயாளிக்கு விஷயம் தெரிய வேண்டும். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்பது பாசத்தில் வரும் சொல்தான். ஆனால் கீமோ அறையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஊகித்திருப்பார். நல்ல குழு முதலில் அவரையே கேட்கும்: "ஐயா, ரிப்போர்ட் பத்தி உங்ககிட்டயே பேசட்டுமா, பையன்கிட்ட பேசினா போதுமா?" அவர் சொல்லும் பதில்படி நடப்பார்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ வேறு மருத்துவமனையோ, கீமோவுக்குத் தேதி வாங்கும் அன்றைக்கே "வலி நிவாரணப் பிரிவுக்கும் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஓர் அறிகுறிக்கு மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. படுத்தால் கூடும் முதுகுவலி, அதோடு படியில் கால் தடுமாறுவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது. சோர்வு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கட்டி தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம். அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுதும் விழுந்தபின் வருபவர்களில் மறுபடி எழுந்து நடப்பவர்கள் மிகச் சிலரே.