ஆல்பம்: வெள்ளைப் பலகையிலிருந்து இசைத்தொகை வரை

நம் ஊரில் ஆல்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கல்யாண ஆல்பம். அதற்கு அடுத்தது 'ஆல்பம் பாட்டு'. சினிமாவில் இடம்பெறாமல் தனியாக வெளிவரும் பாட்டு, ஒன்றே ஒன்றாக இருந்தாலும் நமக்கு ஆல்பம்தான். ஆனால் இசையுலகில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. பல பாடல்களைத் தேர்ந்து, இதற்குப் பின் இது என்று வரிசை அமைத்து, ஒரே படைப்பாகக் கேட்பதற்குக் கொடுப்பதுதான் ஆல்பம்.

இலத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெண்மை. பண்டைய ரோமில் அதிகாரிகளின் ஆணைகளை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் ஆல்பம். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிச் சேர்த்த ஏட்டுக்கு இந்தப் பெயர் வந்தது. அப்புறம் தபால்தலை, புகைப்படம் என்று ஒட்டிவைக்கும் ஏடெல்லாம் ஆல்பம் ஆயின.

இசைக்கு இந்தப் பெயர் வந்தது ஏட்டின் வழியாகத்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீண்ட படைப்பு என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் இட்டுப் புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். பார்க்கப் புகைப்பட ஏடு மாதிரியே இருக்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தபோது அத்தனை பாட்டும் ஒரே தட்டில் அடங்கிவிட்டன. கட்டு போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கேசட், சிடி எல்லாவற்றிலும் அது தொடர்ந்தது.

சரி, ஒரு ஆல்பத்தை ஒரே படைப்பாகக் கேட்பதற்கும் அதிலுள்ள ஒரு பாட்டை மட்டும் கேட்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஜார்ஸ் ஆஃப் கிளே என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். இல்லினாய் மாநிலத்தின் கிரீன்வில் கல்லூரியில் கூடிய மாணவர்களின் குழு அது. 1995-இல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து அந்த ஆல்பம் வெளிவந்தது. பெயர் பவுலின் நிருபத்திலிருந்து வந்தது. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்று நம் வேதாகமத்தில் படிக்கிறோமே, அந்த மண்பாண்டங்கள்தான்.

பத்துப் பாடல்களில் எட்டாவது 'ஃப்ளட்', அதாவது வெள்ளம். ஆல்பத்தில் இரண்டு பாடல்களைத் தயாரித்துக் கொடுத்தவர் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் ஏட்ரியன் பிலூ. அவற்றில் இது ஒன்று. அக்கவுஸ்டிக் கிதாரின் வேகமான வீச்சு, நாற்பது நாள் மழை, சேற்றில் சிக்கியவனின் கூக்குரல். வேதாகமம் தெரிந்தவருக்கு நோவா நினைவுக்கு வருவார். தெரியாதவருக்கு அது நல்லதொரு ராக் பாட்டு. கிறிஸ்தவ வானொலிக்கு வெளியே, மாற்று ராக் நிலையங்களில் அது ஓடு ஓடென்று ஓடியது. பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் முதன்மைப் பட்டியலில் 37-ஆம் இடம் வரை போனது. ஆல்பம் அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

வரவேற்பு இரண்டு திசையில் இழுத்தது. பொது இசை விமர்சகர்கள் கிதார், வயலின், திரும்பத் திரும்ப ஒலிக்கும் டிரம் லூப் மூன்றும் கலந்த அந்த ஓசையைக் கவனித்தார்கள். கிறிஸ்தவ வட்டாரத்தில் பெருமையும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. மதுக்கூடங்களில் போய் வாசிக்கலாமா, இயேசுவின் பெயரை வெளிப்படையாகச் சொல்லாத பாட்டு எப்படிக் கிறிஸ்தவப் பாட்டாகும் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி 'ஃப்ளட்'டை மட்டும் கேட்டவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன். ஆல்பம் தொடங்குவதே சிலுவையைப் பற்றிய 'லிக்விட்' பாட்டில், துறவிமடத்துப் பாடகர்கள் பாடுவது போன்ற குரல்களோடு. மூன்றாவது பாட்டு மீட்பருக்கான நேரடிக் காதல் பாட்டு. ஒன்பதாவது ஒரு பாவ அறிக்கை. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் 'ஃபோர் செவன்', நான்கு ஏழு. அந்த மண்பாண்ட வசனத்தின் அதிகாரமும் எண்ணும். முதலிலிருந்து கேட்டு வருபவருக்கு எட்டாவது பாட்டின் வெள்ளம் எந்த வெள்ளம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, ஆல்பத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்ப்போம். புகைப்பட ஆல்பத்துக்குப் படத்தொகுப்பு என்று சொல்வதுண்டு. ஆனால் சினிமாவில் எடிட்டிங்குக்கும் அதே சொல் நிலைத்துவிட்டதால் குழப்பம் வரும். ஒளிப்பட ஏடு என்பது தெளிவு. ஒலிப்பேழை என்பது கேசட்டுக்கு உரிய சொல், இறுவட்டு என்று ஈழத்தவர் சொல்வது சிடியை. இரண்டும் பாட்டைத் தாங்கும் பொருளின் பெயர்கள், படைப்பின் பெயர்கள் அல்ல.

பரவலாக வழங்குவது இசைத்தொகுப்பு. தவறில்லை. ஆனாலும் எனக்கு இசைத்தொகை இன்னும் பொருத்தமாகப் படுகிறது. எட்டுத்தொகை நூலான அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலைப் பாட்டு. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 0 நெய்தல். பாடியவர்கள் பலர். இந்த வரிசையில் தொகுத்தவர் உருத்திரசன்மன், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அடுக்கும் முறைக்கும் ஒரு பொருள் உண்டு என்பது தொகை என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆல்பத்தோடு சேர்ந்து வரும் மற்ற இரண்டு சொற்களுக்கும் தமிழ் தயாராகவே உள்ளது. ஒற்றைப் பாட்டாக வெளியிடும் சிங்கிள் என்பதற்குத் தனிப்பாடல். நாம் ஆல்பம் பாட்டு என்கிறோமே, அதற்கும் இதுவே சரி. பழைய வெற்றிப் பாடல்களைப் பொறுக்கி வெளியிடும் தொகுதிக்குத் திரட்டு. ஆக, ஜார்ஸ் ஆஃப் கிளேயின் முதல் இசைத்தொகை 1995-இல் வந்தது. அதிலிருந்து வெளிவந்த தனிப்பாடல் 'ஃப்ளட்' என்று எழுதலாம்.