தோற்றால் இனம், ஜெயித்தால் இனமே இல்லை: தேர்தல் முடிவை இப்படிப் படிக்காதீர்கள்

போன வாரம் ஓர் ஆய்வறிக்கை சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. அமெரிக்க நகரம் ஒன்றில் வீடு வீடாகப் போய், "வேட்பாளர் என்ன இனம் என்று பார்த்து வாக்களிப்பீர்களா?" என்று நேருக்கு நேர் கேட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். உடனே, இங்குள்ள வாக்காளர்கள் இனம் பார்ப்பதில்லை என்று தடித்த எழுத்தில் ஒரு முடிவு. கேள்வி கேட்கப் போனவர் வெள்ளையரா, கறுப்பரா, ஆசியரா என்ற விவரம் அறிக்கையில் எங்குமே இல்லை. கருத்துக்கணிப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இது அடிக்கடி வந்து போகிற தவறுதான். ஆனாலும் இந்த முறை அறிக்கையைத் திருப்பி அனுப்பியதோடு விட்டுவிட மனம் வரவில்லை.

இதை நேரடியாகக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. உங்கள் கட்சி தகுதியுள்ள ஒரு கறுப்பினத்தவரை அதிபர் வேட்பாளராக நிறுத்தினால் வாக்களிப்பீர்களா என்று காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறது. 1958-ல் ஆம் என்றவர்கள் 38 சதவீதம். 2019-ல் 96 சதவீதம். அமெரிக்கச் சமூகம் நிஜமாகவே மாறியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த 96-ல் பெரும்பங்கு, எதைச் சொல்வது மரியாதை என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. வாக்குச்சீட்டோடு தனியாக நிற்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்பதை அந்த எண்ணிடம் கேட்டுப் பயனில்லை.

பேட்டியாளரின் இனத்தைக் குறித்து வையுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1989-ல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் டக்ளஸ் வைல்டர் என்ற கறுப்பினத் தலைவர் நின்றார். அப்போது நடந்த ஒரு தொலைபேசிக் கணிப்பில், வெள்ளையர்களிடம் கறுப்பினப் பேட்டியாளர் கேட்டபோது வைல்டருக்கான ஆதரவு 8 முதல் 11 சதவீதப் புள்ளி வரை கூடுதலாக வந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை, குரலே போதுமாக இருந்தது. வைல்டர் கடைசியில் ஜெயித்தது அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சக ஊழியரிடம் இனம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள், அட்டவணையில் அந்த விவரம் வேண்டும்.

சரி, இப்போது என்னை அதிகம் சோர்வடைய வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். கணிப்பு தப்பிவிட்டதா, வேட்பாளர் வெள்ளையர் இல்லையா, அப்படியென்றால் மக்கள் பொய் சொல்லிவிட்டார்கள், இதுதான் 'பிராட்லி விளைவு' என்று ஒவ்வொரு தேர்தல் விவாதத்திலும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான தேர்தலில் என்ன நடந்தது என்று பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

கறுப்பினத்தவரான டாம் பிராட்லி 1973-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் மேயர். கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நகரம் அது. 1982-ல் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்றார். வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் எடுத்த கணிப்பை வைத்து, அவர்தான் ஜெயிக்கிறார் என்று அன்றிரவே அறிவித்துவிட்டார்கள். எண்ணி முடித்தபோது ஜார்ஜ் டியூக்மேஜியன் ஜெயித்திருந்தார். 78 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் சுமார் 93,000 வித்தியாசம். வெள்ளையர்கள் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று குத்தியிருக்கிறார்கள் என்ற கதை அன்று பிறந்தது.

ஆனால் அந்த ஆண்டு டியூக்மேஜியனின் குடியரசுக் கட்சி, தபால் வாக்குகளைத் திரட்டப் பெரிய முயற்சி எடுத்திருந்தது. தபாலில் வாக்களித்தவர் வாக்குச்சாவடிக்கே வரமாட்டார், அதனால் வாசலில் நின்று கேட்பவரின் கண்ணில் படவும் மாட்டார். நேரில் விழுந்த வாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் முன்னே நின்றவர் பிராட்லிதான். வாசலில் எடுத்த கணிப்பு அந்த வாசலைப் பற்றி அவ்வளவு தவறாகச் சொல்லவில்லை. அதோடு, கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஒரு வாக்கெடுப்பும் அன்றே நடந்தது. அதை எதிர்ப்பதற்காகவே உள்மாவட்டங்களில் கூட்டம் கூட்டமாக வந்து வாக்களித்தார்கள். அந்த மக்களின் பங்கைக் கணிப்புகள் குறைவாக எடைபோட்டிருந்தன. பிராட்லியை நிறத்துக்காக நிராகரித்தவர்கள் இருந்திருப்பார்கள், நிச்சயம். ஆனால் நிராகரிப்பது வேறு, கணிப்பாளரிடம் பொய் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் நோயும் புரியாது, கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த மாதிரியில் இருந்த ஓட்டையையும் அடைக்க முடியாது.

வைல்டரின் காலத்தில் கணிப்புக்கும் முடிவுக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி இருந்தது உண்மைதான். பிறகு ஆளுநர், செனட் தேர்தல்கள் பலவற்றை ஒப்பிட்ட டேனியல் ஹாப்கின்ஸ் என்ற அரசியல் அறிவியலாளர், 1990-களின் நடுவிலிருந்து அந்த இடைவெளி மறைந்துவிட்டதைக் காட்டினார். 2008-ல் ஒபாமாவுக்கான கடைசி நாள் கணிப்புகளின் சராசரியும் தேர்தல் முடிவும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

அந்த வெற்றியைக் காட்டி எதிர்ப்பக்கமாக ஓடுகிறவர்களும் உண்டு. 2004-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு வெள்ளையர்களில் 41 சதவீதம், 2008-ல் ஒபாமாவுக்கு 43 சதவீதம், ஆகவே இனம் பொருட்டே இல்லை என்கிறார்கள். 2008 செப்டம்பரில் வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்தன, குடியரசுக் கட்சி அதிபர் மீது நாடே வெறுப்பில் இருந்தது. ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தியிருந்தாலும் வாக்கு ஏறியிருக்கும். அதே ஆண்டில் ஒரு வெள்ளையர் நின்றிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒப்பிட்டால்தான் இனத்தின் பங்கு தெரியும். அந்த ஒப்பீடு இல்லாமல் வெற்றி, தோல்வி இரண்டுமே இதற்குச் சான்றாகாது.

நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் 2024-ல் இந்திய வம்சாவளியினர் எல்லோரும் அவர் பின்னால் திரண்டுவிடுவார்கள் என்று எத்தனை வாட்ஸ்அப் செய்திகள்! கார்னகி அறக்கட்டளை இந்திய அமெரிக்கர்களிடம் எடுத்த கணிப்புகளில், 2020-ல் பைடனுக்கு வாக்களிப்போம் என்றவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம், 2024-ல் ஹாரிஸுக்கு 61 சதவீதம். ரத்த உறவு வாக்கை இழுக்கும் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். 2022-ல் ஜார்ஜியா செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ராபேல் வார்னாக், குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கர் இருவருமே கறுப்பினத்தவர். அப்படியும் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் ஒன்பது பேர் வார்னாக் பக்கம், வெள்ளையர்களில் பத்தில் ஏழு பேர் வாக்கர் பக்கம். கட்சி அவ்வளவு வலுவாக இழுக்கிறது. அந்தக் கட்சிப் பிளவுக்குள்ளும் இனத்தின் நீண்ட வரலாறு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் வேட்பாளரின் இனம் எங்கே வேலை செய்கிறது? பெரும்பாலும், மற்ற தகுதிகளை எடைபோடும் இடத்தில். ஒரே உரை, ஒரே கொள்கை, புகைப்படம் மட்டும் வேறு என்று இரண்டு குழுக்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் உண்டு. கறுப்பின வேட்பாளரை, அவர் சொன்னதைவிடத் தீவிரமான இடதுசாரியாக மதிப்பிடும் போக்கு இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. "எனக்கு அவர் நிறம் பிரச்சினை இல்லை, அவர் ரொம்பத் தீவிரமானவர்" என்று ஒருவர் மனசாரச் சொல்லலாம். அதில் பொய்யே இல்லை. அதனால்தான் நேரடிக் கேள்வி இங்கே தோற்றுப்போகிறது.

அடுத்த முறை ஒரு கணிப்பைப் பகிர்வதற்கு முன் கேள்வியின் முழு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். யார் கேட்டார்கள், நேரிலா, போனிலா, இணையத்திலா என்று பாருங்கள். ஆயிரம் பேர் மாதிரிக்குள் ஆசியர்கள் நாற்பது பேர் இருந்தால், அந்த நாற்பதை வைத்து "ஆசியர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று தலைப்புப் போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். தபால் வாக்குகள் எண்ணி முடியும்வரை இனத்தின் மீது பழியும் போடாதீர்கள், இனவெறி ஒழிந்தது என்று கொண்டாடவும் வேண்டாம்.

நான் இவ்வளவு கோபப்படக் காரணம், தவறாகப் படித்த எண்கள் அடுத்த வேட்பாளரின் வழியை அடைத்துவிடுகின்றன. "நான் போடுவேன், மற்றவர்கள் போடமாட்டார்கள்" என்ற கணக்கு ஒரு நல்ல வேட்பாளரைக் கட்சித் தேர்வுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடும். 2007-ல், கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில், கறுப்பின ஜனநாயகக் கட்சியினரிலேயே பெரும்பகுதி ஹிலாரி கிளிண்டன் பக்கம் இருந்தது. வெள்ளையர் எங்கே ஒபாமாவுக்குப் போடப்போகிறார்கள் என்ற சந்தேகம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2008 ஜனவரி 3-ல், வெள்ளையர் மிகப் பெரும்பான்மையாக உள்ள அயோவா மாநிலத்தில் அந்தப் போட்டியில் ஒபாமா ஜெயித்தார். அந்த மாதக் கடைசியில் தென் கரோலினாவில் கறுப்பின வாக்குகளில் முக்கால் பங்குக்கும் மேல் அவருக்கு விழுந்தது. அதனால் உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ பள்ளி வாரியத்துக்கோ நகர சபைக்கோ நிற்கிறேன் என்று வந்தால், "நம்ம நிறத்துக்கு இங்கே யார் போடுவாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எத்தனை கதவுகளைத் தட்டப்போகிறாய் என்று கேளுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.