வெளிப்பாவை: ஒரு சொல் விளக்கம்

பைனாகுலர் ஒவ்வொன்றின் உடலிலும் 8×21, 10×50 என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னது உருப்பெருக்கம், பின்னது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். விண்மீன் பார்ப்பதற்கென்று வாங்குகிறவருக்கு இவ்விரண்டைவிட மூன்றாவது எண் ஒன்றே முதன்மையானது. பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைக்கும் அந்த எண்ணை ஆங்கிலத்தில் 'எக்ஸிட் பியூபில்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'வெளிப்பாவை' என்பதே பொருத்தம்.

கருவியின் பெயரில் சிக்கல் அதிகமில்லை. லத்தீனில் 'பினி' என்றால் இரண்டிரண்டாக, 'ஓகுலுஸ்' என்றால் கண், ஆகவே இருகண்ணோக்கி. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் 'ஃபெர்கெய்கர்' கண்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் தொலைவை மட்டும் சொல்வதால், நம் 'தொலைநோக்கி'யோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது.

'பியூபில்' என்பதன் வரலாறுதான் சுவையானது. லத்தீன் 'பூபில்லா' சிறுமியையும் சிறு பொம்மையையும் குறித்த சொல். எதிரில் நிற்பவரின் கண்ணை உற்றுநோக்கினால் அதன் கருமைக்குள் நம் உருவமே ஒரு குட்டிப் பொம்மையாகத் தெரிவதால், கண்ணின் நடுவே ஒளி புகும் அந்தக் கருந்துளைக்கும் அதே பெயர் ஏற்பட்டது. கிரேக்கத்தின் 'கோரே', வடமொழியின் 'கனீனிகா' ஆகியவையும் பெண்ணையும் கண்ணின் துளையையும் ஒருங்கே குறிப்பவை. தமிழ் இதற்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. 'கருமணியிற் பாவாய்நீ போதாய்' என்று, தன் காதலிக்கு இடம்விட்டு விலகிப் போகும்படி கண்ணுக்குள் இருக்கும் பாவையிடம் சொல்கிறான் குறளின் தலைவன் (1123). மணி வேறு, அதனுள் இருக்கும் பாவை வேறு என்ற பகுப்பு அந்த ஓரடியிலேயே தெளிவாக இருப்பதால், 'வெளிக் கண்மணி' என்று ஆக்குவதைவிட 'வெளிப்பாவை' என்பதே துல்லியம். மாணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததாகையால், இயந்திர மொழிபெயர்ப்பொன்று 'வெளியேறும் மாணவர்' என்று தந்தாலும் வியப்பதற்கில்லை.

இனிப் பொருள். பைனாகுலரைக் கைநீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பினால், கண்ணருகு வில்லையில் ஒளிவட்டம் ஒன்று மிதப்பதைக் காணலாம். அது முன்வில்லையின் சுருங்கிய பிம்பம். கருவி திரட்டிய ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியேதான் வெளியேறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் கருவி செய்த ஜெஸ்ஸி ராம்ஸ்டனின் பெயரால் 'ராம்ஸ்டன் வட்டம்' என்றும் இதைக் குறிப்பதுண்டு. வட்டம் நம் கண்பாவையைவிடப் பெரிதானால் மிகுதி ஒளி வீணாகும். சிறிதானால் இருளில் விரிந்த கண் முழுப் பயன் பெறாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிரேவில் குதிரைப் பந்தயத்துக்கும் கிங்ஸ்மீட் கிரிக்கெட்டுக்கும் எடுத்துச்செல்லும் 8×21 கருவியின் வெளிப்பாவை 2.6 மி.மீ. பகல் வெயிலில் கண்பாவையும் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சுருங்கியிருப்பதால் அங்கே குறையொன்றும் தெரியாது. அதையே டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்கு ஒரு ஜூன் இரவில் கொண்டுபோய் ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்தையோ கரீனா ஒண்முகிலையோ (நெபுலா) பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அரைமணி நேரம் இருளில் பழகிய இளம் கண்ணில் பாவை 7 மி.மீ. வரை விரியும், 7×50 கருவியின் 7.1 அதற்கு ஈடு. வயது ஏற ஏற விரிவு குறைகிறது. ஐம்பதைக் கடந்த பலருக்கு அது 5 மி.மீ. அளவில் நின்றுவிடுவதால், அவர்கள் கையில் 7×50 வெறும் 7×35 ஆகிவிடும். 10×50 கொடுக்கும் 5 மி.மீ. அவர்களுக்குப் போதும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற, தெருவிளக்கொளி வானில் படரும் பகுதிகளில் இளைஞருக்கும் நான் 10×50 கருவியையே சொல்வேன். அங்கே பாவை முழுதாக விரிவதில்லை, பெரிய வெளிப்பாவை வானத்தின் சாம்பல் பூச்சையும் சேர்த்தே கொண்டுவந்து சேர்க்கும். 15×70 (4.7 மி.மீ.) நல்ல கருவிதான், ஆனால் கையில் நடுங்கும், தாங்குகால் வேண்டும்.

'உட்பாவை' என்பது இதன் இணைச்சொல்: ஒளி நுழையும் வாயிலின் விட்டம். முறையாகச் செய்த கருவியில் அது முன்வில்லையின் விட்டமே. மலிவான சிலவற்றில் உள்ளிருக்கும் தடுப்போ சிறிய முப்பட்டகமோ அதைக் குறுக்கிவிடும். வெளிப்பாவையை அளவுகோலால் அளந்து உருப்பெருக்கத்தால் பெருக்கினால் இது வெளிப்பட்டுவிடும்: 10×50 என்று பொறித்த கருவியில் வட்டம் 4 மி.மீ. மட்டுமே இருந்தால், நீங்கள் விலை கொடுப்பது 50க்கு, பெறுவது 40.