கல்லுக்கடியில் இருக்கும் சாட்சிகள்

வெள்ளைத் தட்டில் முதலில் தெரிவது குப்பைதான். மக்கிய இலை, மணல், குச்சித் துணுக்கு, கொஞ்சம் பாசி. முழங்காலளவு நீரில் நின்று, ஓட்டத்துக்கு எதிராக வலையை விரித்துப் பிடித்து, அதற்கு முன்னால் கிடக்கும் கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறி அள்ளியது இவ்வளவுதானா என்று முதல் முறை எனக்குச் சலிப்பாகவே இருந்தது. "கொஞ்சம் பொறுங்கள்" என்றார் உடன் வந்தவர். ஒரு நிமிடம் கழித்து ஒரு குச்சி நடந்தது.

குச்சி போலத் தெரிந்தது கேடிஸ்ஃபிளை என்ற பூச்சியின் புழு. தான் சுரக்கும் பட்டு நூலால் மணலையும் மரத்துணுக்குகளையும் ஒட்டி ஓர் உறை செய்துகொண்டு, அதை இழுத்தபடியே ஆற்றடியில் அலையும். அதற்குப் பக்கத்தில் மூன்று வால் இழைகளோடு ஒன்று விருட்டென்று நீந்தியது. மேஃபிளையின் இளம்பருவம். வயிற்றின் இரு ஓரங்களிலும் இலை இலையாகச் செவுள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. தட்டின் மூலையில் இன்னொன்று, இதே சாயலில், ஆனால் இரண்டே வாலோடு. அது ஸ்டோன்ஃபிளை. அதைப் பார்த்ததும் உடன் வந்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

ஆற்றைக் காக்க வேண்டும் என்று கிளம்பும் ஊர்க்குழுக்கள் உலகின் பல நாடுகளில் மாதந்தோறும் செய்யும் வேலை இது. கரையோரம் பிளாஸ்டிக் பொறுக்குவதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றை மூச்சடைக்க வைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருப்பது. அதைப் பிடிக்க, சில சமயம் ஆய்வகத்தைவிட இந்த வலையும் தட்டும் நன்றாக உதவுகின்றன.

காரணம் எளிது. ஆற்று நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த அந்த நொடியின் கணக்கு மட்டுமே கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒரு கழிவுக் குழாயைத் திறந்து நான்கு மணிக்கு மூடிவிடுகிறார்கள் என்று வையுங்கள். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்று நீர் ஒரு மணி நேரத்தில் 1.8 கிலோமீட்டர் போகும். காலை பத்து மணிக்கு நீங்கள் பாட்டிலோடு வரும்போது, கடைசியாக வந்த கழிவுகூட ஏறக்குறைய 11 கிலோமீட்டர் கீழே போயிருக்கும். பாட்டிலில் இருப்பது நல்ல தண்ணீர்.

பூச்சிகள் அப்படிப் போய்விடுவதில்லை. மேஃபிளை சிறகு முளைத்து வெளியே வந்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வாழும், அதற்கு உண்ணும் வாய்கூடக் கிடையாது. ஆனால் அதற்கு முன் நீருக்குள் பல மாதங்கள், சில இனங்கள் ஓராண்டுக்கும் மேல், கல்லைப் பற்றிக்கொண்டு கிடக்கும். அந்த இரவு இரண்டு மணிக்கு வந்ததையும் அது சுவாசித்தே ஆக வேண்டும். செத்தால் அதன் இடம் காலியாகும். அந்தக் காலியிடம் வாரக்கணக்கில் அப்படியே இருந்து, வலையோடு வருபவருக்குச் சாட்சி சொல்லும்.

சாட்சியத்தில் பெரும்பகுதி ஆக்சிஜனைப் பற்றியது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நீரில் கரைவதோ சொற்பம். 20 டிகிரி செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். நீர் சூடேறச் சூடேற, அதிலுள்ள உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. மீன்கள் கோடையில் கொத்தாக மிதப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

சாக்கடை ஆற்றை நஞ்சூட்டிக் கொல்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது விருந்து வைத்துக் கொல்கிறது. மலமும் சமையல் கழிவும் பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவு. உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் மூச்சுவிட நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவு இழுக்கும் என்பதை அளக்க, மாதிரி நீரை மூடிய புட்டியில் 20 டிகிரியில், இருட்டில், ஐந்து நாள் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். உயிரிய ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்று செய்திகளில் அடிபடும் எண் இதுதான். சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 250 என்றே கொள்வோம். ஒரே ஒரு லிட்டர் சாக்கடை, ஏறக்குறைய 28 லிட்டர் நல்ல ஆற்று நீரின் ஆக்சிஜன் முழுவதையும் தின்று தீர்த்துவிடும்.

பிரிட்டனில் 1912இல் ஓர் அரச ஆணையம் இதற்கு ஒரு வரம்பு சொன்னது. சுத்திகரித்து வெளியே விடும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதுவும் ஆற்றில் எட்டு மடங்கு நல்ல நீராவது ஓடி அதை நீர்த்துப்போகச் செய்யும் என்ற கணக்கில். முதல் பாதி உலகெங்கும் சட்டங்களுக்குள் ஏதோ ஒரு வடிவில் புகுந்துவிட்டது. எட்டு மடங்கு நீர் என்ற இரண்டாம் பாதியைக் கோடையில் வற்றிக் கிடக்கும் ஆறுகளில் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சாக்கடை கலந்ததும் ஆக்சிஜன் சட்டென்று விழுந்துவிடுவதில்லை. இதைக் கணிதமாக்கியவர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும், 1925இல். ஆற்றில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, நீர்ப்பரப்பு காற்றிலிருந்து புதிதாக வாங்கிக்கொள்கிறது. முதலில் செலவு வரவை மிஞ்சும், அப்போது இருப்பு இறங்கிக்கொண்டே போகும். உணவு தீரத் தீரச் செலவு தளரும். எங்கே வரவும் செலவும் சமமாகின்றனவோ அங்கே இருப்பு அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். வரைந்து பார்த்தால் தொய்ந்த கயிறு போல இருக்கும்.

இதில் ஊர்க்குழுக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று ஒளிந்திருக்கிறது. கயிற்றின் தாழ்ந்த இடம் குழாய் வாயில் இருப்பதில்லை. பெரிய ஆறுகளில் அது பல கிலோமீட்டர் கீழே இருக்கும். மீன் செத்து ஒதுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்மேல் பழி விழும், குழாய்க்காரரோ மேலே நிம்மதியாக இருப்பார். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் ஆறு காற்றை வேகமாக வாங்கிச் சீக்கிரம் தேறும், அணை கட்டித் தேக்கிய நீருக்கு அந்த வசதி கிடையாது.

இந்தத் தொய்ந்த கயிற்றின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு வகை உயிர் குடியிருக்கிறது. ஸ்டோன்ஃபிளைக்குச் செவுள் சொற்பம், குளிர்ந்த, வேகமான, ஆக்சிஜன் நிறைந்த நீர்தான் வேண்டும். மூச்சுத் திணறினால் அது கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் ஆட்டும், தண்டால் எடுப்பதுபோல. உடலைச் சுற்றியுள்ள நீரைப் புதுப்பிக்க அதற்குத் தெரிந்த வழி அது. தட்டிலேயே அதைப் பார்க்கலாம், பார்த்தால் உடனே ஆற்றில் விட்டுவிடுவது நல்லது. மறுமுனையில், சேற்றில் சிவப்பாக நெளியும் கைரோனோமஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழு. பூச்சிகளில் அரிதாக இதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு, நம் இரத்தத்தில் இருப்பதன் உறவு. மிச்சமிருக்கும் துளி ஆக்சிஜனையும் அது பற்றிக்கொள்ளும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அறிந்த டியூபிஃபெக்ஸ் புழுக்கள் தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே ஆட்டிச் சுவாசிக்கும். இவை இருப்பது குற்றமில்லை. இவை மட்டுமே இருப்பதுதான் கவலைக்குரியது.

ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்சனும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இப்படி உயிர்களைக் கொண்டு மாசை வரிசைப்படுத்தினார்கள். பிற்பாடு பிரிட்டனில் வந்த முறை பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது. ஸ்டோன்ஃபிளைகளுக்கும் பல மேஃபிளைகளுக்கும் 10, தும்பிகளுக்கு 8, அட்டைகளுக்கும் பல நத்தைகளுக்கும் 3, சேற்றுப் புழுக்களுக்கு 1. மொத்தத்தைக் கூட்டுவதோடு நிற்காமல், கிடைத்த குடும்பங்களின் எண்ணிக்கையால் அதை வகுப்பார்கள். அந்த வகுத்தலில்தான் சாமர்த்தியம். ஆர்வக்கோளாறில் ஒருவர் அரை மணி நேரம் கிளறினால் மொத்தம் எகிறும், சராசரி அவ்வளவாக அசையாது.

2013 ஜூலையில் இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் நடந்தது இந்த முறையின் பலத்தைக் காட்டுகிறது. அந்நாட்டில் 2007 முதல் மீன்பிடி ஆர்வலர்கள் பயிற்சி பெற்று, எட்டு வகைச் சிற்றுயிர்களை மட்டும் எண்ணி வருகிறார்கள். எண்ணிக்கை முன்கூட்டியே பேசி வைத்த வரம்புக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகும். மார்ல்பரோ ஊருக்குக் கீழே வழக்கம்போல வலை போட்டவர்களுக்கு நன்னீர் இறால்களும் பூச்சிகளும் செத்துக் கிடைத்தன. நீரின் நிறத்தில் மாற்றமில்லை. ஆராய்ந்தபோது குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி என்று தெரிந்தது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேதம். அதற்கு ஓரிரு தேக்கரண்டி போதுமானதாக இருந்திருக்கும் என்றார்கள். நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் வேதிப்பொருளைத் துடைத்தெடுக்கும் நொதியை அது முடக்குகிறது. செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்க, பூச்சி துடித்துச் சாகிறது. ஆக்சிஜன் மீட்டர் இதைக் காட்டியிருக்காது.

ஒரு முறை எண்ணிவிட்டு ஆறு கெட்டுவிட்டது என்று அறிக்கை விடுவதால் பயனில்லை. இயல்பாகவே மெதுவாக ஓடும் சேற்று ஆற்றில் ஸ்டோன்ஃபிளை வராது, அதற்காக அந்த ஆற்றைக் குறை சொல்ல முடியாது. சந்தேகப்படும் குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இரண்டிலும் ஒரே வகை அடித்தளம், ஒரே ஆழம், ஒரே மூன்று நிமிடம். இதைப் பருவம் மாற மாறத் திரும்பத் திரும்பச் செய்து பதிவேட்டில் எழுதி வைத்தவர்களின் பேச்சை அதிகாரிகளால் எளிதில் தள்ளிவிட முடியாது. கோபத்தைவிடத் தேதி போட்ட நோட்டுப் புத்தகம் கனமானது என்பது என் அனுபவம்.

ஆக்சிஜன் மீட்டர் வாங்கும் குழுக்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். உரம் கலந்து பாசி மண்டிய ஆற்றில் நண்பகலில் அளந்தால் அமோகமான எண் வரும், பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டிருக்கும். இரவில் அதே பாசி மூச்சு வாங்கும். விடியலுக்குச் சற்று முன் அளந்தால் அதே இடம் மீனுக்கு ஆகாததாக இருக்கக்கூடும்.

பூச்சிகள் சொல்லாததும் உண்டு. மலத்திலிருந்து வரும் நோய்க்கிருமிகள் ஸ்டோன்ஃபிளையை ஒன்றும் செய்வதில்லை. தட்டு நிறையப் பத்து மதிப்பெண் பூச்சிகள் கிடைத்த ஆறும் குடித்தால் வயிற்றைக் கெடுக்கலாம். அதற்குக் கிருமிப் பரிசோதனை தனியாக வேண்டும்.

எண்ணி முடித்ததும் தட்டை நீரோட்டத்தின் ஓரம் மெதுவாகச் சரித்து எல்லாவற்றையும் திரும்ப விடுவோம். பிறகு ஒரு வேலை இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அடிக்கடி மறப்பது. வலையையும் காலணியையும் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும். ஐரோப்பாவின் ஆறுகளில் வாழும் கிரேஃபிஷ் என்ற, இறால் போன்ற உயிர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற பூஞ்சை போன்ற ஒரு நோய், ஈரமான உபகரணங்களில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு தாவும். எங்கள் வலை இப்போது வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.