அப்டைம்: தொடர் இயக்க நேரம்

கணினி கடைசியாக பூட் ஆனதிலிருந்து (இயங்கத் தொடங்கியதிலிருந்து) இந்த நிமிடம் வரை நிற்காமல் ஓடிய காலமே அப்டைம். மெஷின் ஓடினால் ஆங்கிலத்தில் ‘அப்’, நின்றுபோனால் ‘டவுன்’. பெயர் அதிலிருந்து வந்தது. 1979 இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 3பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இதே பெயரில் ஒரு கட்டளையும் வந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்றும் அதேதான்.

தமிழில் ‘இயக்க நேரம்’ என்று எழுதுகிறார்கள். ஒரு புரோகிராம் ஓடும் நேரமான ரன்டைமுக்கும் அதே சொல் புழங்குவதால் குழப்பம் வரும். நிற்காமல் ஓடியதைத்தானே இங்கே அளக்கிறோம்? ‘தொடர் இயக்க நேரம்’ என்பதே சரி.

லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) அப்டைம் என்று அடித்தால் ஒரே வரி வரும். அதில் ‘அப் 12 டேஸ், 3:41’ என்றிருந்தால் 12 நாள், 3 மணி நேரம், 41 நிமிடம். 3:41ஐ கடிகார நேரம் என்று படித்துவிடாதீர்கள். அப்போதைய கடிகார நேரம் வரியின் தொடக்கத்திலேயே இருக்கும். கடைசி மூன்று எண்கள் 1, 5, 15 நிமிடங்களில் கணினிக்கு இருந்த சராசரி வேலைச்சுமை.

கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ‘-எஸ்’ சேர்த்தால் பூட் ஆன தேதியும் நேரமும் கிடைக்கும். கோடை மழையில் கரண்ட் போய்ப்போய் வரும் ஏற்காட்டு லாட்ஜின் பில்லிங் கணினிக்கு இது மிகவும் உதவும். யாரும் தொடாத இரவு 2:10க்கு பூட் ஆகியிருந்தால் முதலில் யுபிஎஸ் பேட்டரியைச் சோதியுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) அமைத்திருந்தால்தான் இந்தத் தடயம் கிடைக்கும்.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ‘சிஸ்டம்இன்ஃபோ’ அடித்து ‘சிஸ்டம் பூட் டைம்’ வரியைப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை கடையில் தினமும் ஷட்டவுன் செய்யும் கணினிகூட 20 நாளுக்கு முந்தைய தேதியைக் காட்டலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம்: ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மூடப்படாமல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. கணக்கு பூஜ்ஜியத்துக்கு வர ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அல்லது ‘ஷட்டவுன் /எஸ் /டி 0’ அடிக்க வேண்டும்.

இணையதளங்களுக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் சேவையை விற்பவர்கள் ‘99.9 சதவீத அப்டைம்’ என்பது வேறு கணக்கு. 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் சர்வர் நின்றாலும் அந்த வாக்கு மீறப்பட்டதாகாது. நின்ற நேரத்துக்கும் இடம் தரும் அந்த அர்த்தத்துக்கு ‘தொடர்’ ஒட்டாது. ‘இயங்கு விகிதம்’ என்று எழுதலாம்.