ஆற்றுச் சேற்றுக்கு ஒரு சிவப்புப் புழுவின் சாட்சி

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தண்ணீரைச் சோதித்தால் போதாதா? அடியில் கிடக்கும் சேற்றை எதற்குச் சோதிக்கிறார்கள்?"

தண்ணீர் ஓடிவிடும், சேறு தங்கிவிடும். உலோகங்களும் எண்ணெய்ப் பசையுள்ள வேதிப்பொருட்களும் நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை நொய்யல்கரை மக்களுக்குத் தெரியும். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் படிந்தது தானாகக் கிளம்பிப் போகாது.

சரி, சேற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு என்று அளந்தால் போதாதா? போதாது. ஒரே அளவு காட்மியம் ஒரு சேற்றில் உயிரைக் கொல்லும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பைடு என்ற கந்தகப் பொருளை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். காட்மியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் அந்தச் சல்பைடோடு சேர்ந்து கரையாத பொருளாகி அடங்கிக் கிடக்கும்.

அதைக் கிளப்பிவிடுவது ஒரு புழு. கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத கைரோனோமஸ் என்ற பூச்சியின் இளம்பருவம் அது. மீன் தொட்டிக் கடைகளில் 'பிளட் வார்ம்' என்று விற்கிறார்கள். நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் உடல் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். வாயிலிருந்து வரும் பட்டிழையால் மண்துகளை ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் உடலை அலையலையாக நெளித்து மேல்தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரோடு ஆக்சிஜனும் வரும். குழாய்ச் சுவரில் உள்ள சல்பைடு அதோடு வினைபுரிந்து சிதையும், அடங்கியிருந்த உலோகம் கரைந்து வெளியே வரும். மூச்சுக்காக அது செய்யும் வேலையே அதன் வீட்டுக்குள் நஞ்சைத் திறந்துவிடுகிறது! போதாததற்கு, அது அந்தச் சேற்றையேதான் தின்கிறது. எந்தக் கருவி இவ்வளவையும் சேர்த்துக் கணக்குப் போடும்?

அதனால்தான் அந்தப் புழுவையே சேற்றில் விட்டுச் சோதிக்கிறார்கள். சோதனை எளிது. கண்ணாடிக் குவளையில் ஒரு பங்கு சேறு, நான்கு பங்கு தண்ணீர், முட்டையிலிருந்து புதிதாக வந்த 20 புழுக்கள், கொஞ்சம் பொடித்த மீன் தீனி, மெல்லிய காற்றுக் குமிழி. 20 டிகிரி வெப்பத்தில் 28 நாள். எத்தனை பூச்சி சிறகோடு வெளியே வந்தன, எந்த நாளில் வந்தன என்று எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் சுத்தமான சேற்றுக் குவளைகளும் இருக்கும். அவற்றில் 70 சதவீதமாவது வெளிவராவிட்டால் சோதனையே செல்லாது. அப்புறம் வளர்ந்த புழுவின் தலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. மாசுபட்ட இடங்களில் வாய்ப்பற்கள் கோணியும் குறைந்தும் இருக்கும்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். திருப்பூர், கரூர் பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்குச் சிறு நிதி ஒதுக்கினாலே ஆண்டுதோறும் நொய்யல் சேற்றைச் சோதித்து ஊருக்குச் சொல்லலாம். நதி மீட்புக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும் என்பேன்.